டைனமோவில் கேட்ட நாடி

போன மாதம் உங்கள் ஸ்கான் பயிற்சி அறைக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை நோயாளியின் காலில் ஜெல் ஊற்றிய அழகைப் பார்த்தேன். புட்டுக்குக் குழம்பு விடுகிறவள்கூட அவ்வளவு தாராளமாக விடமாட்டாள். இன்னொரு பிள்ளை திரையில் கொஞ்சம் சிவப்பைக் கண்டதும் "இரத்த ஓட்டம் உண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது. நான் எழுந்து போய், "மற்றக் கை எங்கை இருந்தது?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். "மனுசி முப்பது வருசமா இதைத்தான் கேக்குது" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னதும் கேட்டது. எனக்கு முழங்கால் போய்விட்டது, கண்ணில் படலம் விழுந்துவிட்டது, ஆனால் காதில் ஒரு பழுதும் இல்லை, பிள்ளைகளே. அந்தக் காதுதான் எனக்கு இத்தனை வருடமும் சோறு போட்டது.

சிரித்த இருவருக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

நான் இந்தத் தொழிலைப் படித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்த ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில். எங்கள் வீடு உடுவிலில். அங்கிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். போர்க்காலம்; குடாநாட்டில் அப்போது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் வந்தது. பற்றரி கொண்டுவரத் தடை. றேடியோ கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் கேட்க வேண்டும். ஒருவர் சுற்ற ஊரே செய்தி கேட்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் படம் காட்டும் ஸ்கான் மெஷின் ஒன்றும் இருந்தது. மின்சாரம் போன பிறகு அதற்கு வெள்ளைத் துணி போர்த்து, மேலே பூச்சாடி வைத்திருந்தோம். வருகிறவர்கள் அதை ஹார்மோனியம் என்று நினைத்தார்கள்.

ஆகவே நான் இரத்தக்குழாய்களைக் கண்ணால் படிக்கவில்லை. சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு டொப்ளர் இருந்தது. எங்கள் சத்திரசிகிச்சை டொக்டர் வெளிநாட்டில் படித்து வந்தபோது கையோடு கொண்டுவந்தது. பென்சில் போன்ற ஒரு கருவியைத் தோலில் வைத்தால், உள்ளே ஓடும் இரத்தத்தின் சத்தம் பெட்டிக்குள் இருந்து வரும். நல்ல நாடி என்றால் கிணற்றடியில் புடவையை அடித்துத் தோய்க்கும் சத்தம். இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம் என்றால் மூச்சோடு சேர்ந்து வரும் ஒரு நீண்ட இரைச்சல். வானத்தில் இராணுவ ஹெலிகொப்டர் வந்தால் இரண்டும் கேட்காது; அது போகும்வரை எல்லோரும் சுவரோடு ஒட்டி இருந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

டொக்டரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து ஏசுவார், அப்படியான மனிதர். பாடம் எடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "வைச்சுப் பார். கேட்டதைச் சொல்லு. கேக்காததைச் சொல்லாதை." இவ்வளவுதான் என் பாடத்திட்டம்.

வைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்த முதல் கால் சின்னராசா அண்ணையுடையது. அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் அற்றென்டன். தள்ளுவண்டி தள்ளுவதிலிருந்து ஜெனறேற்றர் இயக்குவதுவரை எல்லாம் அவர்தான். அவருடைய பாதத்தின் மேல் கருவியை வைத்து, சத்தம் வரவில்லை என்று இன்னும் அழுத்தி, இன்னும் வரவில்லை என்று மேலும் அழுத்தி, கடைசியில் டொக்டரிடம் போய், "இந்தக் காலிலை நாடி இல்லை, சேர்" என்றேன். டொக்டர் எட்டிப் பார்த்தார். நாடி இல்லாத கால் கதிரையிலிருந்து இறங்கி நின்றது.

"பிள்ளை என்ரை காலைச் சாகடிச்சுப் போட்டுது, சேர்" என்றார் சின்னராசா அண்ணை. "மற்றக் காலையாவது விடச் சொல்லுங்கோ."

பாதத்து நாடி மெல்லியது. விரலால் அழுத்தினாலே அடங்கிவிடும். நானே அதை நெரித்துவிட்டு, சத்தம் இல்லை என்று ஒப்பாரி வைத்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

பிறகு ஜெல் முடிந்தது. ஜெல் இல்லாமல் டொப்ளர் ஊமை. என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வேலியோரம் கற்றாழை செழித்துக் கிடந்தது. மடலைக் கீறி உள்ளே இருந்த வழுவழுப்பான சோற்றை எடுத்துப் பூசினேன். சத்தம் அருமையாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அடுத்த நாள் ஒரு தலைமை வாத்தியாரின் இரண்டு காலிலும் தாராளமாகப் பூசினேன். கற்றாழையின் மஞ்சள் பாலைக் கழுவி எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் கூந்தலுக்குக் கற்றாழை பூசுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கெட்டிக்காரிக்கு அது ஞாபகம் வரவில்லை. வாத்தியார் அன்று முழுக்கக் காலைச் சொறிந்துகொண்டே, தன்னைப் பார்க்க வந்த மாணவர்களுக்கு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்.

ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை எடுத்தால் அது தன் குணத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். இதை நான் அன்றே படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற வயது.

ஜெல்லுக்குப் பிறகு பற்றரி. பழைய பால்மாத் தகர ரின் ஒன்றில் நான்கே நான்கு பற்றரி மிச்சம் இருந்தது. அதைச் சத்திரசிகிச்சைக்கு மட்டும் என்று டொக்டர் பூட்டி வைத்தார். படிக்கிறவளுக்கு என்ன வழி? சின்னராசா அண்ணை சந்திச் சைக்கிள் கடைக்காரரிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, டைனமோவிலிருந்து அதற்கு ஓட்டம் கொடுக்க ஏதோ செய்து வாங்கி வந்தார். நோயாளர் விடுதியின் நடுவே ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். அண்ணை பெடலைச் சுற்றுவார், நான் கால் காலாக நாடி தேடுவேன். அப்படியே எட்டு மாதம் படித்தேன். பெட்டி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அண்ணை வருடக்கணக்காக றேடியோவுக்குச் செய்தி சுற்றிய கை. ஏற்ற இறக்கமே இல்லாமல், எண்ணெய் ஒழுகுகிற மாதிரிச் சுற்றுவார்.

இனித்தான் கதை.

அன்று காலை ஒன்பது மணிக்கு அச்சுவேலிப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டில் வந்தது. வண்டிலில் வெங்காயச் சாக்கைப் பரப்பி அதன்மேல் நல்லதம்பி என்ற, வெங்காயம் பயிரிடும் கமக்காரர் கிடந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி பவளம். தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் ஊரெல்லாம் பழையபடி துலா மிதிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கிணற்றின் மேல் நீண்டு கிடக்கும் மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே இன்னொருவர் நின்று, தண்ணீர் நிறைந்து வரும் பனையோலைப் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். இவர்கள் வீட்டில் அவர் மேலே, மனைவி கீழே. அன்று காலை ஆறரைக்குத் துலாவில் அவருடைய கால் வழுக்கியது. விழுந்தபோது முழங்காலுக்குக் கீழே கிணற்றுக் கட்டுச் சுவரில் அடிபட்டு எலும்பு முறிந்துவிட்டது.

"வெங்காயம் இன்னும் மூண்டு கிழமையிலை கிண்டலாம், டொக்டர்" என்றார் அவர், வேதனையோடு பல்லைக் கடித்துக்கொண்டு. "துலாவிலை ஏற வீட்டிலை நான் ஒருத்தன்தான். காலைக் கெதியாத் தந்துபோடுங்கோ."

"காலை இஞ்சை ஆரும் வைச்சிருக்கேல்லை" என்றார் டொக்டர். ஆனால் பாதத்தைத் தொட்டபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்டார். பாதம் வீங்கியிருந்ததால் விரலுக்கு நாடி அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்து, பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தே ஆக வேண்டும் என்று தாதி ஓடிவந்தாள். இருந்தது ஒரு டொக்டர், ஒரு சத்திரசிகிச்சைத் தியேட்டர், அன்றைக்கு அளந்து வைத்த மண்ணெண்ணெய்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "டொப்ளரை வை. பாதத்திலை சத்தம் இருந்தால் இவர் காத்திருக்கலாம். இல்லாட்டி எலும்பு குழாயை நெரிக்குது, விழுந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ளை திறக்கவேணும். பிந்தினால் கால் இல்லை. தியேட்டர் வாசல்லை வந்து சொல்லு."

சின்னராசா அண்ணை தியேட்டரில் நின்றார். சுற்ற ஆளில்லை. பவளமக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "நான் சுத்துறன், பிள்ளை. எங்கை பிடிக்கவேணும்?"

அவர் சுற்றத் தொடங்கினார். நான் கற்றாழையைப் பூசி, அழுத்தாமல், படித்த மாதிரியே மெல்ல வைத்தேன். அவருடைய கை பெடலுக்குப் பழகும்வரை ஒன்றுமில்லை. கொஞ்சம் நகர்த்தினேன். அப்போது கேட்டது. உஸ்... உஸ்... உஸ். புடவை தோய்க்கிற சத்தம் மாதிரி அடித்துக் கேட்கவில்லை. மங்கலாக, தூரத்துச் சத்தமாகத்தான் இருந்தது. வீங்கின கால், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் படித்த கெட்டிக்காரி அல்லவா?

"கேக்குதா?" என்றார் பவளமக்கா.

"கேக்குது, அக்கா. அவரின்ரை நாடி ஓடுது."

அவருடைய முகம் பூத்துப்போயிற்று. "பாத்தியளே, இஞ்சேருங்கோ, உங்கடை கால் கதைக்குது" என்று கணவரிடம் சொன்னார். நான் தியேட்டர் வாசலுக்கு ஓடி, "நாடி இருக்குது, சேர்" என்றேன். உள்ளிருந்து "சரி" என்று ஒரு சொல் வந்தது. கதவு சாத்தப்பட்டது. ஜெனறேற்றர் இரையத் தொடங்கியது.

பதினொரு மணிபோல நல்லதம்பியிடம் போனேன். "நோவு குறைஞ்சிட்டுது, பிள்ளை" என்றார். பவளமக்காவுக்குச் சந்தோசம். எனக்கு ஏனோ சந்தோசம் வரவில்லை. பெருவிரலைக் கிள்ளினேன். "இப்ப என்ன செய்தனான், அண்ணை?" "ஒண்டும் செய்யேல்லையே" என்றார். விரல் குளிர்ந்து கிடந்தது.

"அக்கா, இன்னொருக்காச் சுத்துவமோ?"

அவர் சுற்றினார். நான் வைத்தேன். அதே சத்தம், அதே ஒழுங்கு. உஸ்... உஸ்... உஸ். மூச்சு வந்தது எனக்கு. நல்லதம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"இதென்ன பிள்ளை, உந்தச் சத்தம் இவள் பட்டையிலை தண்ணி ஊத்துற கணக்கிலை எல்லோ வருது. காலமை காலமை கேக்கிறனான், எனக்குத் தெரியாதே?"

பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

இடது கை சும்மா இருந்தது. அதை அவருடைய மணிக்கட்டில் வைத்தேன். அங்கே நாடி வெகுவேகமாகத் துடித்தது. பெட்டியில் மெதுவாக, துலா மிதிக்கிற நடையில் வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு இருதயம்தான். கைக்கு ஒரு கணக்கும் காலுக்கு ஒரு கணக்குமாக அது அடிக்காது.

"அக்கா, மெல்லச் சுத்துங்கோ."

சத்தம் மெல்ல வந்தது.

"கெதியாச் சுத்துங்கோ."

கெதியாக வந்தது. நான் கருவியைக் காலிலிருந்து எடுத்தேன். எடுத்து, வாத்தியார் வெண்கட்டி பிடிக்கிற மாதிரி வெறும் காற்றில் பிடித்தேன். உஸ்... உஸ்... உஸ். காற்றுக்கும் நாடி இருந்தது.

பெடலைக் கீழே தள்ளும்போது அவருடைய கைப்பலம் முழுவதும் இறங்கும். மேலே வரும்போது தளரும். தண்ணீர்ப் பட்டையை இழுத்து ஊற்றிய கை, அந்த ஒழுங்கிலேயே பெடலையும் சுற்றியிருக்கிறது. டைனமோ ஏறி இறங்க, பெட்டியின் இரைச்சலும் ஏறி இறங்கியிருக்கிறது. அதைத்தான் நான் நாடி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பவளமக்கா சுற்றுவதை நிறுத்தினார். காற்றில் நின்ற கருவியைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். அந்த மனுஷிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப அது என்ரை கையோ, பிள்ளை?"

"ஓம், அக்கா."

"அவரின்ரை?"

கருவியைக் கட்டிலில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் காலை நான் காத்திருக்க வைத்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த இடத்தில் என் மனம் என்ன சொன்னது தெரியுமா? "போய் ஒரு நல்ல பற்றரியை எடுத்து, திரும்ப வைத்துப் பார்த்து, நிச்சயமாகத் தெரிந்துகொண்டு பிறகு டொக்டரிடம் சொல்" என்றது. எவ்வளவு பொறுப்பான யோசனை! கேட்கவே பெரிய படிப்பாளி பேச்சுப் போல இருந்தது. பற்றரி ரின்னைப் பூட்டிய சாவி தலைமைத் தாதியான மேற்றனிடம், மேற்றன் தியேட்டருக்குள். தேடி, கேட்டு, காரணம் சொல்லி எடுக்க அரை மணித்தியாலமாவது போகும். எனக்குத் தேவைப்பட்டது நிச்சயம் அல்ல. பிழையை ஒப்புக்கொள்வதை அரை மணித்தியாலம் தள்ளிப்போடத்தான் வழி தேடினேன். பாதம் குளிர்ந்திருக்கிறது, விரல் விறைத்திருக்கிறது, பெட்டி பொய் சொன்னது. இதற்கு மேல் என்ன நிச்சயம்? தொழிலில் உங்களுக்கும் அந்தக் குரல் வரும். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

பவளமக்காதான் என்னை அசைத்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடு, பிள்ளை!"

ஓடினேன். விறாந்தையில் பாதி தூரம் போனபோது, குழந்தை அழுகிற சத்தம் கேட்டு வெகுநேரமாகிவிட்டது, உள்ளே வேலை முடிகிற நேரம் என்பது உறைத்தது. சின்னராசா அண்ணை ஜெனறேற்றரை நிறுத்தப் போய்க்கொண்டிருந்தார். ஒரு துளி மண்ணெண்ணெயும் வீண்போக விடமாட்டார் அவர். அதை நிறுத்தினால் கருவிகள் அவிக்கச் சூடேறிய பாத்திரங்கள் ஆறும், மறுபடி எல்லாம் முதலிலிருந்து.

"நிப்பாட்டாதேங்கோ, அண்ணை!"

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்!"

படிக்க வந்த பெட்டை ஒருத்தி ஆஸ்பத்திரி மண்ணெண்ணெய்க்கு உத்தரவு போடுகிறாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஒரே மூச்சில் சொன்னேன். "நான் பிழை விட்டிட்டன், சேர். அது நாடி இல்லை, டைனமோ. பாதம் குளிர்ந்து போச்சு, விரல் உணர்ச்சி இல்லை."

அவர் என்னை ஏசவில்லை. ஏன், எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"விழுந்தது எத்தனை மணி?"

"ஆறரை."

"இப்ப?"

"பதினொண்டு பத்து."

"ஒரு மணியும் இருபது நிமிசமும் கிடக்கு. ஆளைக் கொண்டா. அழுறதெண்டால் பிறகு அழு."

தள்ளுவண்டியை ஒரு பக்கம் சின்னராசா அண்ணையும் மறுபக்கம் நானும் தள்ளினோம். நல்லதம்பி போகிற போக்கில் மனைவியைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி வைக்கச் சொல்லிவிடு" என்றார். கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு எனக்கு ஒரு வேலையும் இல்லை. விறாந்தை வாங்குப் பலகையில் பவளமக்காவின் பக்கத்தில் போய் இருந்தேன். வேறு எங்கே இருக்க எனக்கு முகம் இருந்தது?

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். டொக்டர் ஏசினார். இரண்டு நாள் கழித்து, சாவகாசமாக, தேத்தண்ணியும் குடித்துக்கொண்டு ஏசினார். "உன்ரை காதிலை பிழையில்லை. பெட்டியிலையும் பிழையில்லை, அதுக்கு நாங்கள் குடுத்ததைத்தான் அது சொன்னது. மற்றக் கை எங்கை இருந்தது? அதைச் சொல்லு." என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உங்கள் அறையில் அந்தப் பிள்ளை பார்த்த மாதிரியே. ஒரு கை கேட்கும்போது மற்றக் கை மணிக்கட்டில் இருக்க வேண்டும். இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். திரையில் சிவப்பும் நீலமும் காட்டுகிற உங்கள் மெஷினும் இருமினால் நிறம் காட்டும், கை நடுங்கினால் நிறம் காட்டும். அதுவும் கொடுத்ததைத்தான் சொல்லும்.

நல்லதம்பி அடுத்த வருடம் ஒரு பிடி வெங்காயத்தோடு வந்தார். கொஞ்சம் சாய்த்து நடந்தார். துலாவில் ஏற மனைவி விடுவதில்லையாம்; தான் பட்டை பிடிக்க, மச்சான்காரன் மேலே நடக்கிறானாம். "எனக்கு ஊத்தத் தெரியாதெண்டு இவள் ஒரே ஏச்சு" என்றார். பவளமக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "இருபது வருசமா இந்த மனுசனை ஓட்டுறது நான்தான். இவருக்கு அது டொக்டரின்ரை பெட்டி சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது."

சரி, அந்த வாங்குப் பலகைக்குத் திரும்பி வருகிறேன்.

பவளமக்கா தலைகீழாக நின்ற சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாதி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அதை என் பக்கம் தள்ளி வைத்தார். "குடி. காலமை தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை நீ." நான் அழுதேன். டொக்டர் பிறகு அழச் சொன்னது அந்த நேரத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு மணி தாண்டியபோது கதவு திறந்தது. எலும்பின் கூர் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது, பன்னிரண்டரைக்கு முன்னமே விடுவித்து விட்டேன் என்றார் டொக்டர். இரத்தம் இறங்குகிறதா என்பதை இனிப் பார்க்க வேண்டும். நல்லதம்பியை விடுதிக் கட்டிலுக்கு மாற்றினோம். டொக்டர் கையில் டொப்ளர் பெட்டி இருந்தது. அதற்குள் ரின்னிலிருந்து எடுத்த பற்றரி ஒன்றைப் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"கேட்டுச் சொல்லு."

"சேர், நீங்கள் வையுங்கோ."

"நான் ஏன்? படிக்கிறது நீ."

இடது கையை முதலில் நல்லதம்பியின் மணிக்கட்டில் வைத்தேன். அங்கே நாடி கிடைத்த பிறகுதான் கருவியைப் பாதத்தில் வைத்தேன், இறகு வைப்பது போல. கட்டிலின் மறுபக்கம் பவளமக்கா நின்றார். டைனமோ வயர் கழற்றியாயிற்று, சைக்கிள் விடுதியின் மறு கோடியில் நின்றது. அப்படி இருந்தும், யாரும் சொல்லாமலே, அவர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. புடவையை ஓங்கிக் கல்லில் அடிக்கிற சத்தம். என் இடது விரலுக்குக் கீழே ஒரு துடிப்பு, பெட்டியில் ஒரு அடி. விரலில் ஒன்று, பெட்டியில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே வந்தன.

பவளமக்காவுக்கு அது போதவில்லை. ஒருமுறை ஏமாந்த மனுஷி. கையைப் பின்னால் கட்டியபடியே என் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, மெல்லக் கேட்டார்.

"இது ஆரின்ரை, பிள்ளை?"

நான் இன்னும் பத்துத் துடிப்பு எண்ணினேன். பிறகுதான் வாய் திறந்தேன்.

"அவரின்ரைதான், அக்கா."